முதலாண்டு மருத்துவம்: சொல்லும் எண்ணும் பிசகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் ஒரு தசமத்தால் மருத்துவ பீடம் கைநழுவிப் போன உயிரியல் பிரிவுப் பிள்ளைகளின் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பெயர் பிசிஷன் அசிஸ்டன்ட். சென்னை, கோயம்புத்தூர்க் கல்லூரிகளின் முகவர்கள் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் போட்ட படத்தோடு துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் உவர்மலை முதல் மூதூர் வரை பெற்றோர் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். இதைப் படித்தால் பிள்ளை டொக்டரா? முதல் வருடத்தில் என்ன படிப்பிப்பார்கள்? முதலாவதற்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்குச் சற்று விரிவாகவும் இக்கடிதத்தில் பதில் தர விரும்புகிறோம்.

டொக்டர் இல்லை. டொக்டரின் மேற்பார்வையில் நோயாளியிடம் விவரம் கேட்டு, உடலைச் சோதித்து, குறிப்பெழுதி, பரிசோதனைகளை ஒழுங்குசெய்து, அவர் ஒப்புக்கொண்ட சிகிச்சைத் திட்டத்தைக் கொண்டு நடத்துபவர். பெயரைச் சுருக்கி 'பி.ஏ.' என்றால் ஊரில் கலைப் பட்டம் என்று நினைக்கிறார்கள். 'மருத்துவ உதவியாளர்' என்று தமிழாக்கினால் வார்ட்டின் சிற்றூழியர் என்று நினைக்கிறார்கள். எனவே ஆங்கிலப் பெயரோடேயே எழுதுகிறோம். 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற பேராசிரியர் தொடங்கிய படிப்பு இது. முதல் அணியில் சேர்ந்த 4 பேரும் கடற்படையில் மருத்துவப் பணி செய்து வெளியே வந்தவர்கள். 1967-இல் 3 பேர் முடித்தார்கள். கடற்படைத் துறைமுகம் இருக்கும் ஊர்க்காரருக்கு இந்தப் பிறப்புக் கதை பிடிக்கும். வேலையும் நமக்கு அடியோடு புதிதல்ல. கிராமத்து மருந்தகத்தில் இருந்த 'அப்போதிக்கரி ஐயா'வை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பதிவு விடயத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறோம். தமிழ்நாட்டில் இந்தப் பட்டம் நீண்ட காலமாக 3 ஆண்டு வகுப்பும் 1 ஆண்டு உள்ளகப் பயிற்சியுமாக நடந்துவந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. சேரும் வருடத்து விதியை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவில் இது முதுநிலைப் படிப்பு. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முடித்தவரே அங்குள்ள தேசியப் பரீட்சை எழுத முடியும், இந்தியப் பட்டத்தோடு நேரே போய் உட்கார முடியாது. பிரித்தானியாவில் 2024 டிசம்பரில்தான் பொது மருத்துவ மன்றம் இவர்களைப் பதிவுசெய்யத் தொடங்கியது. 2025 ஜூலையில் வெளிவந்த மீளாய்வு, நோய் இன்னதென்று இன்னும் கண்டறியப்படாத நோயாளிகளை இவர்கள் பார்ப்பதை மிகவும் கட்டுப்படுத்தச் சொன்னது. இலங்கையில் இந்தப் பெயரில் பதிவு கிடைக்குமா என்பதை இலங்கை மருத்துவப் பேரவையிடம் எழுத்தில் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகே காணி விற்பதைப் பற்றிப் பேசுங்கள். முகவரின் வாய்ச்சொல்லை நம்பி முற்பணம் கட்ட வேண்டாம்.

இனிப் படிப்பு. உடற்கூறு, உடற்றொழில், உயிர் இரசாயனம் எல்லாம் உயர்தரத்தின் நீட்சிதான். நம் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். தடுமாறுவது 'மருத்துவ அறிமுகம்' என்ற பாடத்தில்தான். நோய்களின் பெயர்ப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே நான்கு வேலை பழக்கப்படுகிறது: கேட்பது, அளப்பது, தொட்டுப் பார்ப்பது, எழுதுவது. பாடமாக்கி எழுதிவிட்டு வரக்கூடிய வேலை இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கேட்பதிலிருந்து தொடங்குவோம். முதன்மை முறைப்பாட்டை நோயாளியின் சொல்லிலேயே எழுத வேண்டும், எவ்வளவு காலமாக என்பதோடு. மாணவர் முதல் வாரத்திலேயே பிழைவிடுவது இங்கே. நோயாளி "மயக்கமா இருக்கு" என்கிறார். மாணவர் ஆங்கிலத்தில் 'மயங்கி விழுந்தார்' என்று எழுதிவிடுகிறார். நம் பேச்சில் மயக்கம் என்பது ஒரு சொல்லுக்குள் நாலு வருத்தம். அறை சுற்றுவது போலிருந்தால் அது தலைச்சுற்று, காதின் உட்பகுதியைப் பற்றி யோசிக்க வேண்டும். எழும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் இரத்த அழுத்தம், நீரிழப்பு, மாத்திரைகள். நினைவு தப்பி விழுந்திருந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கும் வலிப்பும் கேள்விக்கு வரும். சாப்பிடாமல் கை நடுங்கி வியர்த்து வந்தால், அதுவும் சீனி வருத்தத்துக்கு ஊசி போடுபவர் என்றால், உடனே குருதிச் சீனி பார்க்க வேண்டும். ஆகவே "மயக்கம்" என்று கேட்டதும் எழுத வேண்டிய அடுத்த வரி ஒரு கேள்வி: "மயக்கம் எண்டா எப்பிடி அம்மா? சுத்துதா, இருட்டுதா, விழுந்தீங்களா?"

'இளைப்பு' அடுத்த பொறி. "இளைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது. "இளைச்சுப் போனன்" என்றால் உடம்பு மெலிந்துவிட்டது. சொல்லின் சிறு வித்தியாசத்தில் ஒருவர் இதயச் செயலிழப்பு வரிசைக்கும் மற்றவர் காசநோய், தைரொயிட் வரிசைக்கும் போகிறார்கள். 'விறைப்பு' அப்படியே: கால் விறைக்கிறது என்பவருக்கு உணர்வு குறைந்திருக்கலாம், தசை இறுகியிருக்கலாம், இரண்டுக்கும் காரணம் வேறு. ஊசி முனையை அல்லது பஞ்சைத் தொட்டுக்காட்டி "இது தெரியுதா?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பிரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். தமிழ்தானே என்று நம்பிப் போகிறார்கள். நம் 'வருத்தம்' அங்கே மனக்கவலை. 'சத்தி' என்றால் விழிப்பார்கள். வாந்தி என்று கேட்க வேண்டும். நமக்குச் சளி பிடிப்பதான 'தடிமன்' அங்கே பருமன். 'குளிசை' (மாத்திரை), 'பாணி மருந்து' (சிரப்), 'சலம் போக எரியுது' (சிறுநீர் எரிச்சல்) எதுவும் எடுபடாது. போக முன்னரே இரண்டு பத்தியாக ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொள்வது நல்லது. திரும்பி வந்து கிண்ணியாவிலோ வெருகலிலோ வேலை செய்யும்போது மறுபக்கத்துப் பத்தி தேவைப்படும். அழைக்கும் விதமும் இதில் சேரும். அங்கே எல்லாருக்கும் 'சார்', 'மேடம்' போதும். இங்கே ஐயா, அம்மா, அண்ணை, காக்கா, உம்மா என்று ஆளையும் வயதையும் பார்த்துத்தான் வாய் திறக்க வேண்டும், இல்லையென்றால் பதில் பாதியில் நிற்கும். மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் கிறீன் வைத்தியர் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அந்தப் பரம்பரையின் பிள்ளைகளுக்கு நோயாளியின் தமிழ் புரியவில்லை என்பது கேலிக்குரிய நிலைமை.

நோவைப் பற்றிக் கேட்க ஒரு வரிசை எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு: எங்கே, எப்போது எப்படித் தொடங்கியது, என்ன மாதிரி, எங்கே பரவுகிறது, கூட என்ன வருகிறது, விட்டு விட்டா தொடர்ந்தா, எதில் கூடுகிறது எதில் குறைகிறது, பத்துக்கு எத்தனை. ஆங்கில எழுத்துகளைக் கோத்துப் பாடமாக்குவார்கள். பாடமாக்கட்டும். ஆனால் "பத்துக்கு எத்தனை" என்று நம் ஊர்ப் பெரியவரிடம் கேட்டால் "பத்துக்குப் பத்தும்தான்" என்பார். "நித்திரை கொள்ள விடுதா? தண்ணிக்குடம் தூக்கேலுமா? வலை இழுக்கேலுமா?" என்று கேட்டால் உண்மையான அளவு வரும். 'கன நாளா' என்ற விடையையும் அப்படியே எழுதக் கூடாது. நோன்புக்கு முன்பா, ஆடி அமாவாசைக்கு முன்பா, பிள்ளையின் பரீட்சைக்கு முன்பா என்று ஒரு நாளில் கொண்டுவந்து கட்ட வேண்டும்.

ஆளை விழுத்தும் சொல் 'வாய்வு'. ஐம்பது கடந்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து "வாய்வு பிடிச்சிட்டுது, சோடா குடிச்சும் போகேல்ல" என்றால் வாய்வு அவருடைய நோய் நிர்ணயம். முறைப்பாடு நெஞ்சு நோ. மாணவர் எழுத வேண்டியது முறைப்பாட்டை. ஆள் வந்ததிலிருந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. (இதய மின்பதிவு) எடுக்கப்பட வேண்டும். சீனி வருத்தக்காரரிலும் வயதான பெண்களிலும் மாரடைப்பு நெஞ்சு நோவே இல்லாமல் வியர்வை, சத்தி, களைப்பு என்று மட்டும் வரக்கூடும்.

தொழில், பழக்கம் ஆகியவற்றைக் கேட்கும் பகுதியைப் பலர் ஒரு வரியில் முடிக்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில் அது நஷ்டம். கந்தளாய், தம்பலகாமம் வயலில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் என்றால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். வேலையிடத்தில் மாவுத் தூசும் சீமெந்துத் தூசும் சுவாசிப்பவருக்கு இருமல் என்றால் வேலை நாளில் கூடி லீவு நாளில் குறைகிறதா என்று கேட்க வேண்டும். வெற்றிலை போடுவாரா என்று கேட்டால் போதாது. புகையிலை சேர்த்தா, ஒரு நாளைக்கு எத்தனை வாய், இரவில் கொடுப்புக்குள் வைத்துக்கொண்டே படுப்பாரா என்பது வரை போக வேண்டும்.

அடுத்தது அளவு. இரத்த அழுத்தம் பார்ப்பது ஐந்து நிமிட வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம் நோயாளி சும்மா இருக்க வேண்டிய நேரம் மட்டுமே. முதுகு சாய்ந்திருக்க, இரு பாதமும் தரையில் இருக்க, கால்மேல் கால் போடாமல், பேசாமல். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தேநீரோ பீடியோ கூடாது. சலம் முட்டியிருந்தால் போய்வரச் சொல்ல வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டியைச் சுற்றக் கூடாது. பட்டிக்குள் இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதத்தை நீளத்தாலும் 40 சதவீதத்தை அகலத்தாலும் மூட வேண்டும். 32 செ.மீ. கைக்கு ஏறக்குறைய 26 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம். பருத்த கைக்குச் சிறிய பட்டி போட்டால் அளவு பொய்யாக உயரும். தேவையில்லாமல் ஒருவர் ஆயுள் முழுக்கக் குளிசை போடத் தொடங்குவார். கை மேசையில் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். அது மருத்துவம் கூட இல்லை, உயர்தர பௌதிகவியலில் படித்த திரவ அழுத்தம்.

ஸ்டெதஸ்கோப்பை வைக்க முன் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். நாடி மறையும் எண்ணிலிருந்து மேலும் 20 முதல் 30 வரை ஏற்ற வேண்டும். இந்தப் படியை மாணவர் நூற்றுக்கு நூறு தாண்டிவிடுவார்கள், நேரமில்லை என்பார்கள். சிலருக்குச் சத்தம் 190-இல் தொடங்கி 160-இல் நின்று 140-இல் மீண்டும் வரும். 160 வரை மட்டும் ஏற்றியவர் 140 என்று எழுதிவிட்டு நோயாளியைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவார். இறக்கும் வேகம் செக்கனுக்கு 2 புள்ளி. நாடி நிமிடத்துக்கு 60 என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசி 2 புள்ளிதான் இறங்கும், சத்தம் தொடங்கிய இடத்தைப் பிடிக்கலாம். செக்கனுக்கு 10 இறக்கினால் 10 புள்ளி வரை பிழை. இரு அளவு, இடையில் ஒரு நிமிடமாவது, முதல் நாளில் இரு கையிலும்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் 104/86 என்பதை 110/80 என்று 'அழகாக' எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பிகளைப் புரட்டினால் எல்லா எண்ணும் சைபரில் முடிவதைக் காணலாம். இதனால் என்ன கெடும் என்று கேட்பவருக்கு டெங்கு பதில் சொல்லும்.

2017-இல் நாடு முழுக்க 1,86,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது; அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இம்மாவட்டம் மறக்காது. அன்றிலிருந்து நம் சனம் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கை போலப் பேசப் பழகிவிட்டது. முதலாண்டு மாணவர் விளங்கிக்கொள்ள வேண்டியது, ஆளைக் கொல்வதில் பெரும்பங்கு இரத்தக்குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிவதற்கு என்பதை. காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள், அதுவும் காய்ச்சல் விடும் தருணத்தில், 24 முதல் 48 மணி நேரம் இந்தக் கசிவு நடக்கும். "காய்ச்சல் விட்டுட்டுது, இனிப் பயமில்லை" என்று வீட்டார் ஆறுதலடையும் நேரம்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய நேரம். நீர் கசிந்தால் எஞ்சிய இரத்தம் தடிக்கும். செங்குருதிக் கலங்களின் விழுக்காடு 40-இல் இருந்தவருக்கு 48 ஆனால் அது 20 சதவீத ஏற்றம், அபாயக்குறி. கூடவே மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 20 அல்லது அதற்குக் கீழே போனால் உடல் அதிர்ச்சி நிலைக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள், மேல் அழுத்தம் நூறுக்கு மேலே இருந்தாலும். 104/86-இல் இடைவெளி 18. அதை 110/80 என்று எழுதினால் 30. காகிதத்தில் ஆள் சுகமாக இருக்கிறார், கட்டிலில் கை கால் குளிர்ந்து கிடக்கிறார்.

இதே நோயாளிக்கு நாடியை 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குவதும் ஆபத்து. ஒரு துடிப்புப் பிழைத்தால் 4 பிழை. ஒழுங்கான நாடி என்றால் 30 செக்கன், ஒழுங்கில்லை என்றால் முழு நிமிடம். மூச்சை எண்ணும்போது சொல்லிவிட்டு எண்ணக் கூடாது, சொன்னால் மூச்சின் போக்கே மாறிவிடும். நாடி பிடித்த விரலை எடுக்காமலே மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். வார்ட்டில் எல்லாருக்கும் 18 என்று எழுதுவது உலகம் முழுக்க உள்ள சோம்பல். வளர்ந்தவரில் 12 முதல் 20 வரை சரி. 24-க்கு மேலே போனால் மற்ற எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்தாலும் டொக்டரைக் கூப்பிடுங்கள், பல வேளைகளில் முதலில் மாறும் எண் இதுவே. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை நகப்பூச்சும் கறுத்த மருதோன்றியும் குளிர்ந்த விரலும் குழப்பக்கூடும், கலியாணப் பெண் என்றால் காதுமடலுக்கென்று உள்ள மானியை மாட்டிப் பாருங்கள். நாடி என்றதும் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் நண்பர்கள் சிரிக்கலாம். அவர்கள் மூன்று விரலில் தேடுவது வேறு. இங்கே எண்ணிக்கை, ஒழுங்கு, பருமன் போதும்.

உடற்சோதனையின் பொது வரிசை பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. வயிற்றுக்கு மட்டும் கேட்பது முன்னுக்கு வரும், அமத்தினால் குடலின் சத்தம் மாறிவிடும் என்பதால். நோகும் இடத்தைக் கடைசியில் தொட வேண்டும், தொடும்போது கையைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்ட ஔவன்புருக்கர் ஒரு சத்திரக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர் என்பார்கள். வீட்டில் சுவரைத் தட்டி உள்ளே மரச்சட்டம் எங்கே என்று கண்டுபிடித்துப் பழகலாம், தண்ணீர்த் தாங்கியைத் தட்டி நீர்மட்டம் சொல்லிப் பழகலாம். மணிக்கட்டு ஆட வேண்டும், முழங்கை ஆடக் கூடாது, தட்டும் விரலின் நகம் வெட்டியிருக்க வேண்டும்.

விலா எலும்பு எண்ணுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காறை எலும்பிலிருந்து கீழே எண்ணத் தொடங்கினால் முதல் விலா கைக்கு அகப்படாது, ஒன்று பிசகும். தொண்டைக்குழியிலிருந்து விரலை மார்பெலும்பின் மேல் கீழே நகர்த்துங்கள். ஏறக்குறைய 5 செ.மீ.யில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதற்குப் பக்கத்தில் சேர்வது இரண்டாம் விலா, அதன் கீழுள்ள பள்ளம் இரண்டாம் இடைவெளி. வலப்புறம் பெருநாடி வால்வு கேட்கும் இடம், இடப்புறம் நுரையீரல் நாடி வால்வு. அங்கிருந்து நான்காம் இடைவெளி, ஐந்தாம் இடைவெளி என்று இறங்கலாம். ஈ.சி.ஜி.யின் முதல் இரு மார்பு மின்வாய்களும் நான்காம் இடைவெளியில் மார்பெலும்பின் இரு ஓரத்தில் ஒட்ட வேண்டியவை. விலா எண்ணாமல் கண்மட்டத்தில் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் மேலே ஒட்டிவிடுவார்கள். இல்லாத மாரடைப்பு ஒன்று தாளில் தோன்றும். பெண் நோயாளி என்றால் என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, இன்னொரு பெண் பக்கத்தில் நிற்க, சோதிக்கும் பகுதியைத் தவிர மற்றதைத் துணியால் மூடி. இதற்குப் பரீட்சையில் புள்ளி உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டெதஸ்கோப் விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. காது முனைகள் மூக்கை நோக்கித் திரும்பியிருக்கப் போட வேண்டும்; பின்னோக்கிப் போட்டுவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்பவர்கள் வருடா வருடம் உண்டு.

மருந்துக் கணக்கு முதலாண்டில் சிறு பகுதிதான், ஆனால் ஆளைக் காப்பதும் கெடுப்பதும் அங்கே. 12 கிலோ பிள்ளைக்குப் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேலில்லை. 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பாணி என்றால் 7.5 மி.லீ. இந்தியாவில் அதே 5 மி.லீ.யில் 250 மி.கி. உள்ள போத்தலும் கடையில் கிடைக்கும். பழக்கத்தில் 7.5 மி.லீ. கொடுத்தால் 375 மி.கி., கிலோவுக்கு 31. ஆகவே மி.லீ.யில் மட்டும் ஒருபோதும் எழுதக் கூடாது. மி.கி. எழுதி, போத்தலின் செறிவைப் படித்து, பிறகே மி.லீ. வயிற்று நோ, மூட்டு நோ என்று டெங்குக் காலத்தில் இபுபுரூபன், டைக்குளோபினாக் கொடுக்கக் கூடாது என்பதும் இந்தப் பாடத்திலேயே வரும். இன்சுலின் இன்னும் கூரிய கத்தி: ஒரு மி.லீ.யில் 40 அலகு உள்ள போத்தலும் 100 அலகு உள்ளதும் புழக்கத்தில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறிஞ்சு. 100 அலகு மருந்தை 40-இன் சிறிஞ்சில் '10' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 அலகு.

எழுதுவது கடைசி. 1960-களில் லோரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த நான்கு பகுதிக் குறிப்பு இன்று எங்கும் உண்டு: நோயாளி சொன்னது, நாம் கண்டது, நாம் நினைப்பது, செய்யப்போவது. கேட்க இலகு. ஆனால் முதல் பகுதியில் நோயின் பெயரையும் இரண்டாம் பகுதியில் நோயாளியின் வாய்ச்சொல்லையும் கலந்துவிடுவார்கள். ஒரு மாதிரிக் குறிப்பு:

சொன்னது: 58 வயது, கடற்றொழில். இன்று காலை 4.30-க்கு வலை இழுக்கும்போது நெஞ்சின் நடுவே கல் ஏற்றினது போல நோ, இடது தாடைக்கு ஏறியது, ஒரு தடவை சத்தி, வியர்வை. ஓய்வெடுத்தும் குறையவில்லை. 12 வருடமாகச் சீனி வருத்தம். மருந்து ஒவ்வாமை இல்லை என்கிறார். நாளுக்கு ஒரு கட்டுப் பீடி.

கண்டது: உடல் ஈரமாகக் குளிர்ந்துள்ளது. அழுத்தம் வலது கை 148/92, இடது கை 146/90. நாடி 96, ஒழுங்கு. மூச்சு 22. ஒட்சிசன் 95 சதவீதம். வெப்பம் 36.8. காலில் வீக்கம் இல்லை.

நினைப்பது: கடும் இதயத் தசை குருதிக்குறை. விட்டுவிடக் கூடாதவை: பெருநாடி உட்சுவர்ப் பிளவு, நுரையீரல் நாடியில் குருதிக்கட்டி.

செய்வது: ஈ.சி.ஜி. 5.38-க்கு எடுக்கப்பட்டது. பொறுப்பு டொக்டருக்கு 5.40-க்கு அறிவிக்கப்பட்டது, அவர் சொன்னபடி அஸ்பிரின் 300 மி.கி. சப்பக் கொடுக்கப்பட்டது.

பெருநாடிப் பிளவில் இரு கையின் அழுத்தமும் வேறுபடலாம்; ஆகவே இரு கையின் அளவும் ஏன் எழுதப்பட்டது என்று கேட்காமலே அதைப் பற்றி யோசித்திருப்பது தெரிகிறது. நேரங்கள் உள்ளன. கால் வீக்கம் இல்லை என்பது பார்த்து எழுதிய 'இல்லை'. 'எல்லாம் சாதாரணம்' என்று எழுதினால் எதைப் பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்று அடுத்த முறைமாற்றத்தில் வருபவருக்குத் தெரியாது. பிழையாக எழுதினால் வெள்ளை மையால் மறைக்காமல், ஒற்றைக் கோடு கிழித்து, கையொப்பமும் நேரமும் போட வேண்டும்.

டொக்டரை அழைக்கும்போதும் இதே ஒழுங்கு. முதல் வசனத்திலேயே என்ன அவசரம் என்று சொல்லிவிடுங்கள். "சேர், ஒரு பேஷண்ட் வந்திருக்கிறார், அவர் எங்க வேலை செய்யிறார் எண்டா..." என்று தொடங்கினால் இரவு இரண்டு மணிக்கு எவருக்கும் பொறுமை இருக்காது. "நெஞ்சு நோ, 58 வயது, ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருக்கு, நீங்க வர வேணும்" என்பது போதும், மற்றவை பிறகு. பதிலை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுங்கள்.

போகப்போகிற பிள்ளைகள் கல்லூரி தொடங்குமுன் கிடைக்கும் சில மாதத்தைப் பாடப்புத்தகம் வாங்குவதில் கழிக்க வேண்டாம். செக்கன் முள்ளுள்ள ஒரு கைக்கடிகாரம் வாங்குங்கள். வீட்டில் சம்மதிக்கும் எல்லாருடைய நாடியையும் மூச்சையும் தினமும் எண்ணி எழுதுங்கள். அம்மம்மாவின் முழங்கால் நோவை மேலே சொன்ன வரிசையில் கேட்டு அரைப் பக்கத்தில் தமிழிலும் அரைப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அவருக்கு மருந்து சொல்ல மட்டும் போகாதீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் பத்திரிகையில் இத்தகைய படிப்புகளுக்கு வரும் விளம்பரங்களில், பட்டத்தின் முழுப்பெயர், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், எந்த நாட்டில் எந்தச் சபையில் பதிவு கிடைக்கும் ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாமல் ஏற்க வேண்டாம். 'டொக்டருக்கு நிகரான' என்ற சொற்றொடர் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுகாதார சேவையில் இருந்து ஓய்வுபெற்ற வாசகர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.